ஏர் ஓட்டிய பையனும் ஆங்கில இலக்கணமும்

"அக்கா, கருத்து சரியா இருந்தா போதாதா? கிராமரை எதுக்கு இவ்வளவு கட்டிக்கிட்டு அழணும்?"

போன மாதம் எங்கள் மாலை நேரப் படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். உதவித்தொகை வராதது பற்றி ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். வாங்கிய அலுவலர் முதல் பத்தியை மட்டும் படித்தார். இரண்டு இடத்தில் பேனாவால் வட்டம் போட்டார். "முதல்ல இங்கிலீஷ் கத்துக்கிட்டு வா" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். பணம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

எனக்கு என்னுடைய முதுகலை நாட்கள் ஞாபகம் வந்தன. சமூகவியல் வகுப்பில் நான் எழுதிய முதல் ஆங்கிலக் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. எங்கள் ஊரில் தேநீர்க் கடையில் தனி டம்ளர் இருந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். டம்ளரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமை பன்மை தவறியதைப் பற்றித்தான் வகுப்பே பேசியது. அன்றைக்கு நானும் இந்தத் தம்பியைப் போலத்தான் நினைத்தேன்: இலக்கணம் என்பது அவர்கள் சமாச்சாரம், நம்மை வெளியே நிறுத்தக் கட்டிய மதில்.

அது பாதி உண்மை. மதில் என்பது உண்மைதான். ஆனால் அதே மதிலின் கற்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தவர்களும் வரலாற்றில் இருக்கிறார்கள். தம்பிக்கு அன்று சொன்ன அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மனுவைத் திருப்பி அனுப்பிய நாடாளுமன்றம்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தது. 1762இல் ராபர்ட் லோத் என்ற பாதிரியார், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், ஓர் ஆங்கில இலக்கண நூலை வெளியிட்டார். ஷேக்ஸ்பியர், மில்டன் எழுத்துகளிலேயே பிழை கண்டுபிடித்த புத்தகம் அது. அதே 1762இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஹியூ பிளேர் சொல்லாட்சிக் கலைக்குப் பேராசிரியர் ஆனார். 1783இல் நூலாக வந்த அவருடைய விரிவுரைகள் அடுத்த பல பத்தாண்டுகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பாடநூலாக இருந்தன. எப்படி எழுதினால் நாகரிகமான ஆங்கிலம், எந்த உவமை உயர்ந்தது, எந்தச் சொல் கொச்சை என்று சட்டம் வகுக்கப்பட்ட காலம் அது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பாலான உழைக்கும் மக்களுக்கு ஓட்டு கிடையாது. அவர்களுக்கு இருந்த ஒரே வழி, நாடாளுமன்றத்துக்கு மனு எழுதுவது. 1793இல் ஷெஃபீல்டு நகர மக்கள் வாக்குரிமைச் சீர்திருத்தம் கேட்டு ஒரு மனு கொடுத்தார்கள். சபை அதை ஏற்க மறுத்தது. சொன்ன காரணம், மனுவின் மொழி மரியாதைக் குறைவாக இருக்கிறது என்பது. 1817இலும் சீர்திருத்த மனுக்கள் நூற்றுக்கணக்கில் வந்தபோது அவற்றில் பல இப்படியே தள்ளப்பட்டன. கேட்டது நியாயமா இல்லையா என்ற விவாதமே வேண்டாம். கேட்ட மொழி சரியில்லை என்று சொன்னால் போதும். நம்முடைய தம்பியின் மனுவில் போட்ட வட்டம் இன்று நேற்று போட்டதல்ல.

உருவகமும் இதே வேலையைச் செய்தது. 1790இல் எட்மண்ட் பர்க் என்ற அரசியல்வாதி, பிரெஞ்சுப் புரட்சியைத் தாக்கி எழுதிய நூலில் சாதாரண மக்களைப் பன்றிக் கூட்டம் என்று குறிப்பிட்டார். அது ஓர் உருவகம்தான். ஆனால் ஒரு மனிதனைப் பன்றி என்று ஏற்றுக்கொண்டுவிட்டால், அவனுக்கு ஏன் ஓட்டு என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லத் தேவையில்லை. வாதம் செய்யாமலே வாதத்தில் ஜெயிக்க வைப்பது உருவகம்.

உழைக்கும் மக்கள் அதற்குக் கொடுத்த பதிலைப் பாருங்கள். தாமஸ் ஸ்பென்ஸ் என்பவர் 1793இல் ஒரு மலிவு விலைப் பத்திரிகை தொடங்கினார். ஒரு இதழ் ஒரு பென்னி. அதற்கு அவர் வைத்த பெயர் 'பன்றிக் கறி'. நீங்கள் எங்களைப் பன்றி என்றீர்கள், சரி, இது பன்றிகள் படிக்கும் பத்திரிகை. இதே ஸ்பென்ஸ் அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 1775இல், ஏழைகள் எளிதாகப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று உச்சரிப்பை ஒட்டிய எழுத்துமுறையில் ஓர் ஆங்கில அகராதியும் போட்டவர். வசைச்சொல்லையே தலைப்பாக்கும் இந்தத் துணிச்சலை நாம் வேறொரு இடத்திலும் பார்த்திருக்கிறோம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆறு பென்ஸ் சிப்பாய்

வில்லியம் காபெட் 1763இல் ஃபார்னம் என்ற ஊரில் ஒரு சிறு விவசாயிக்குப் பிறந்தவர். சிறு வயதில் வயலில் பறவை விரட்டினார், பிறகு ஏர் ஓட்டினார். பள்ளிப் படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 1784இல் பட்டாளத்தில் சேர்ந்தார். ஒரு நாள் சம்பளம் ஆறு பென்ஸ். அங்கேதான் லோத்தின் இலக்கணப் புத்தகம் கையில் கிடைத்தது. முழுப் புத்தகத்தையும் கையால் பிரதி எடுத்தார். மனப்பாடம் செய்தார். காவல் நிற்கும் நேரத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார்.

பின்னாளில் அவரே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். படுக்கையின் விளிம்புதான் நாற்காலி. மடியில் வைத்த பலகைத் துண்டுதான் மேசை. மெழுகுவர்த்தி வாங்கக் காசு இல்லை; குளிர்காலத்தில் அடுப்பு வெளிச்சம்தான், அதுவும் முறை வரும்போது மட்டும். பேனாவும் தாளும் வாங்க வேண்டுமானால் அன்றைய சாப்பாட்டில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை மறுநாள் காலை ஒரு கருவாடு வாங்க அரைப் பென்னி எடுத்து வைத்திருந்தார். இரவு பார்த்தால் காசைக் காணோம். போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன் என்கிறார்.

இப்படிக் கற்ற இலக்கணத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார்? பத்திரிகை நடத்தினார். சிப்பாய்களைச் சவுக்கால் அடித்ததைக் கண்டித்து எழுதியதற்காக 1810இல் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனையும் ஆயிரம் பவுன் அபராதமும் வாங்கினார். 1817இல் அரசு கைதுச் சட்டங்களை இறுக்கியபோது அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். அங்கே லாங் ஐலண்டில் ஒரு பண்ணையில் உட்கார்ந்து எழுதிய புத்தகம்தான் 1818இல் வெளியான 'ஆங்கில மொழியின் இலக்கணம்'. தன் 14 வயது மகனுக்கு எழுதும் கடிதங்களாக அது இருக்கிறது. யாருக்கான புத்தகம் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்: சிப்பாய்கள், மாலுமிகள், தொழில் பழகும் பையன்கள், ஏர் ஓட்டும் பையன்கள்.

இலக்கணப் புத்தகத்தில் அரசியலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காபெட்டின் புத்தகத்தில் உதாரண வாக்கியங்களே அரசியல்தான். கூட்டத்தைக் குறிக்கும் பெயர்ச்சொற்களுக்கு உதாரணப் பட்டியல் தரும்போது, நாடாளுமன்றத்தையும் திருடர் குகையையும் ஒரே வரிசையில் வைக்கிறார். பிழையான வாக்கியங்களுக்கு எங்கே போனார் தெரியுமா? அரசரின் உரைக்கும் அமைச்சர்களின் கடிதங்களுக்கும். 1823 பதிப்பில், ஆட்சியாளர்கள் தப்பும் தவறுமாக எழுதுவதைத் தடுப்பதற்கென்றே ஆறு பாடங்களைச் சேர்த்தார். ஏழையின் மனுவில் வட்டம் போட்டவர்களின் தாளில் இவர் வட்டம் போட்டார்.

கேலிக்குக் கீழே ஒரு ஆழமான விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இட்' என்ற குட்டிச் சொல்லை எழுதும்போதெல்லாம், அது எதைக் குறிக்கிறது என்று நின்று யோசிக்கச் சொல்கிறார் காபெட். யார், எதை, யாருக்குச் செய்தார்கள் என்பது தெளிவாக இல்லாத வாக்கியத்தில்தான் அதிகாரம் ஒளிந்துகொள்கிறது என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். அணிகளைப் பற்றியும் ஒரு கடிதத்தில் பேசுகிறார். அவை இரு பக்கமும் கூர் உள்ள ஆயுதம், கவனம் இல்லாமல் தொட்டால் நம் கையையே வெட்டும் என்பது அவர் கருத்து.

காபெட்டை நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. கருப்பின மக்களைப் பற்றி அவர் இழிவாக எழுதியவர். அடிமை வணிகத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்ஸைப் பல ஆண்டுகள் திட்டித் தீர்த்தவர். இங்கிலாந்து உழவனின் பசி தெரிந்தவருக்கு, கடல் கடந்த கரும்புத் தோட்டத்து அடிமையின் வலி தெரியவில்லை. இலக்கணம் தெரிந்தால் நியாயம் தெரிந்துவிடும் என்று அர்த்தமில்லை. அதனால்தான் இந்தக் கதையை அவரோடு நிறுத்த முடியாது.

ஐம்பது சென்ட் புத்தகம்

அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1740இல் வந்த சட்டம், அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கியது. படிப்பதைவிட எழுதுவதைக் கண்டுதான் அவர்களுக்குப் பயம். எழுதத் தெரிந்த அடிமை, எசமான் எழுதியதைப் போலவே ஒரு அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டு ஓடிவிடலாம் அல்லவா.

ஃபிரடெரிக் டக்ளஸ் 1818இல் மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்தார். காபெட்டின் இலக்கணம் வந்த அதே ஆண்டு. பால்டிமோரில் எசமானின் மனைவி அவருக்கு எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார், கணவர் தடுத்துவிட்டார். அதற்குப் பிறகு, தெருவில் இருந்த வெள்ளைக்கார ஏழைப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் படிப்பைக் கற்றுக்கொண்டார் டக்ளஸ். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், பூட்ஸ் துடைத்துச் சேர்த்த ஐம்பது சென்ட்டுக்கு ஒரு புத்தகம் வாங்கினார். பெயர் 'கொலம்பியன் ஆரேட்டர்'. காலெப் பிங்ஹாம் என்ற ஆசிரியர் 1797இல் பாஸ்டனில் வெளியிட்ட பள்ளிப் புத்தகம் அது. எப்படி நிறுத்திப் பேசுவது, எங்கே குரலை ஏற்றுவது, கை அசைவு எப்படி என்ற விதிகளும், பயிற்சிக்காகப் புகழ்பெற்ற உரைகளும் உரையாடல்களும் அதில் இருந்தன.

அதில் ஒரு உரையாடல், ஓடிப் பிடிபட்ட அடிமைக்கும் எசமானுக்கும் நடப்பது. எசமான் ஒவ்வொரு நியாயமாகச் சொல்லிக்கொண்டே போகிறான். அடிமை ஒவ்வொன்றையும் உடைக்கிறான். கடைசியில் எசமான் அவனை விடுதலை செய்கிறான். தன் மனதில் உருவம் இல்லாமல் கிடந்த எண்ணங்களுக்கு அந்தப் புத்தகம்தான் நாக்கு கொடுத்தது என்று டக்ளஸ் பின்னாளில் எழுதினார். கோபம் அவரிடம் ஏற்கனவே இருந்தது. அதை வாதமாக அடுக்கும் முறை புத்தகத்திலிருந்து வந்தது.

1836இல் நண்பர்களோடு தப்பிக்கத் திட்டமிட்டபோது எல்லோருக்கும் அனுமதிச் சீட்டு எழுதியவர் அவர்தான். திட்டம் வெளியே தெரிந்து பிடிபட்டபோது, ஆதாரத்தை அழிக்க அந்தச் சீட்டுகளைத் தின்றுவிடச் சொன்னார். 1838இல் தனியாகத் தப்பினார்.

வடக்கே வந்து அடிமை ஒழிப்பு மேடைகளில் பேசத் தொடங்கிய பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று கூட்டத்தில் சந்தேகம் கிளம்பியது. அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரத் தோழர்கள், நல்லவர்கள்தான், ஒரு யோசனை சொன்னார்கள். நீ உன் அனுபவத்தை மட்டும் சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பேச்சில் கொஞ்சம் தோட்டத்து அடிமை வாடை இருக்கட்டும். டக்ளஸ் மறுத்துவிட்டார். 1845இல் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். தானே எழுதியது என்ற வாசகத்தைத் தலைப்பிலேயே அச்சிட்டார். யாருக்கு, எங்கே அடிமையாக இருந்தேன் என்று பெயர்களோடு எழுதினார். அந்தத் தெளிவினாலேயே பிடிபடும் ஆபத்து வந்து கடல் கடந்து பிரிட்டனுக்குப் போக வேண்டியதாயிற்று.

தோழர்களே, இதைப் படிக்கும்போது எனக்கு நம்முடைய கருத்தரங்குகள் ஞாபகம் வந்தன. நம்மை மேடைக்குக் கூப்பிடுவார்கள். வலியைச் சொல்லச் சொல்வார்கள். அடுத்து ஒருவர் வந்து அதற்குக் கோட்பாடு சொல்வார். கண்ணீர் நம்முடையது, விளக்கம் அவருடையது.

டக்ளஸ் மொழியை எவ்வளவு கூர்மையாகப் பயன்படுத்தினார் என்பதற்கு ஓர் உதாரணம். 1852 ஜூலை 5 அன்று ரோசெஸ்டர் நகரில் அமெரிக்கச் சுதந்திர தினம் பற்றிப் பேச அவரை அழைத்தார்கள். நாட்டை உருவாக்கியவர்களைப் பாராட்டித்தான் உரையைத் தொடங்குகிறார். ஆனால் 'உங்கள்' முன்னோர், 'உங்கள்' சுதந்திரம், 'உங்கள்' விழா என்றே சொல்லிக்கொண்டு வருகிறார். 'நம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மாற்றம். இலக்கணத்தில் தன்மை, முன்னிலை என்று சின்ன வகுப்பில் படிக்கிறோமே, அவ்வளவுதான். அந்த முன்னிலையை வைத்தே, இந்தக் கொண்டாட்டத்தில் அடிமைக்கு இடமில்லை என்பதைக் கேட்பவர்கள் தலையில் இறக்கிவிடுகிறார்.

கடல் கடந்து வந்த கருவி

இந்தக் கதைக்கும் நமக்கும் இருக்கும் தொடர்பு நான் இழுத்துப் பிடித்துக் கட்டியது அல்ல. 1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' நூலை, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். நூல் மராத்தியில். அதற்கு அவர் எழுதிய முன்னுரைகளில் ஒன்று ஆங்கிலத்தில். ஆட்சி செய்பவன் காதில் விழ வேண்டும் என்பதற்காக.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் இதழ் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'பறையன்'. ஸ்பென்ஸின் 'பன்றிக் கறி'யை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அதே சொல்லைத் தலைப்பில் ஏற்றிவிட்டால், அடிப்பதற்கு அவர்களிடம் என்ன மிச்சம் இருக்கும்? ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அதிகாரம் முழுக்க ஆதிக்க சாதிகளின் கைக்கே போகும் என்று எதிர்த்து அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனு 112 அடி நீளம். 3,412 பேர் கையெழுத்துப் போட்டது. நூறு ஆண்டுக்கு முன் ஷெஃபீல்டு மனுவைத் திருப்பி அனுப்பிய அதே நாடாளுமன்றம்தான்.

அண்ணல் அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கருப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது என்ன தெரியுமா? கருப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதி. அந்த மனு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க விரும்பினார். அரசியல் சட்டத்தை எழுதப் போகிறவர், இன்னொருவர் எழுதிய மனுவைப் பாடமாகப் படிக்கக் கூச்சப்படவில்லை.

அண்ணலின் ஆங்கிலத்தில் அலங்காரம் குறைவு. ஆனால் வெட்டு இருக்கும். சாதி என்பது வேலைப் பிரிவினைதான் என்று வாதாடியவர்களுக்கு, 'சாதி ஒழிப்பு' உரையில் அவர் பதில் சொல்கிறார்: அது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலையாட்களையும் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் உழைப்பைக் குறிக்கும் சொல்லின் பின்னால் ஒரு விகுதியைச் சேர்த்தார், உழைப்பாளியைக் குறிக்கும் சொல் வந்துவிட்டது. ஒரு விகுதியில் எதிராளியின் மொத்த வாதமும் சரிந்தது.

அந்த உரை 1936இல் லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டில் நிகழ்த்த வேண்டியது. உரையைப் படித்துப் பார்த்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்று அண்ணல் பதில் எழுதினார். மாநாடு நடக்கவில்லை. அவர் தன் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்துபோயின.

ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்று சொல்ல வேண்டுமென்றால், ஒவ்வொரு கமாவையும் நாமே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வட்டம் போட்ட மனு

"அப்போ தமிழ்ல எழுதக் கூடாதாக்கா?" என்று இன்னொரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. தமிழில் மனு கொடுப்பது நம் உரிமை, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆங்கிலம் தெரிந்தவன் அறிவாளி என்ற மூடநம்பிக்கையும் நமக்கு வேண்டாம். ஆனால் உயர்நீதிமன்றத்திலும் ஆராய்ச்சி மேடையிலும் நம்மைப் பற்றிய முடிவுகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. அங்கே நம் வாக்கியத்தை இன்னொருவர் எழுதித் தரும் நிலைமை எத்தனை நாளைக்கு?

வன்கொடுமை வழக்குகளில் மனு எழுத உதவும்போது நான் தினமும் பார்ப்பது இதுதான். "இரு தரப்பினருக்கும் மோதல் ஏற்பட்டது" என்று ஒரு வாக்கியம் இருக்கும். "வீடு சேதப்படுத்தப்பட்டது" என்று இன்னொன்று. மோதல் தானாக ஏற்படுமா? சேதப்படுத்தியவர் யார்? செயப்பாட்டு வினைக்குள் குற்றவாளி காணாமல் போய்விடுகிறார். எழுவாய் எங்கே என்று கேட்பது இலக்கணக் கேள்வி மட்டுமல்ல, அது எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறுமா ஏறாதா என்ற கேள்வி. பத்திரிகைகள் நம் குடியிருப்பைக் 'கலவர பூமி' என்று எழுதும்போது, அது ஓர் உருவகம் என்று அடையாளம் காணத் தெரிந்தால்தான் அதை மறுக்கவும் முடியும்.

அன்று மாலை நாங்கள் தம்பியின் மனுவைப் பலகையில் எழுதிப் போட்டுத் திருத்தினோம். அவர் முதலில் எழுதியதன் பொருள், "உதவித்தொகை பெறப்படவில்லை". யார் தரவில்லை என்பது அதில் இல்லை. இப்போது, எந்தத் தேதியில் விண்ணப்பித்தேன், எந்த அலுவலகம் இன்னும் அனுப்பவில்லை, எந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்று மூன்று வாக்கியம். வட்டம் போட்ட இரண்டு பிழைகளையும் அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். ஒன்று கால வினை, இன்னொன்று ஒருமை பன்மை. பத்து நிமிட வேலை.

திங்கட்கிழமை அதே அலுவலகத்துக்குப் போகிறார். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். வாரம் இரண்டு மாலை இனி மனு எழுதும் பயிற்சி நடக்கும். உங்கள் ஊரிலும் தொடங்குங்கள். ஒரு பலகை, ஒரு சாக்பீஸ், திருப்பி அனுப்பப்பட்ட ஒரு மனு இருந்தால் போதும்.

ஜெய்பீம்.